கொலுசுக்கு மேலே ஒரு வலி

மதுரையைச் சேர்ந்த அந்த 38 வயதுப் பெண்ணுக்கு, சுடிதார் தைக்க அளவு கொடுப்பதென்றாலே சங்கடம். டாப்ஸ் ஒரு அளவு என்றால் பேன்ட் அதைவிட மூன்று அளவு பெரிது. "உடம்பு ஒருத்தருது, காலு இன்னொருத்தருது மாதிரி இருக்கே!" என்று தையல்கார அக்கா சிரித்ததை அவர் இன்னும் மறக்கவில்லை.

வயதுக்கு வந்த புதிதில் தொடை பருக்க ஆரம்பித்தது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இன்னும் கூடியது. சோற்றைக் குறைத்தார், தினமும் நடந்தார். ஒன்பது கிலோ இறங்கியது. முகம் ஒட்டிப்போனது, இடுப்பு இளைத்தது. கால்கள் மட்டும் அப்படியே. "ராத்திரி ஒளிஞ்சு சாப்பிடுறியா?" என்று வீட்டிலேயே கேட்டார்கள். மகன் ஓடிவந்து மடியில் உட்கார்ந்தால் உயிர் போகிற வலி. எங்கே இடித்துக்கொண்டோம் என்றே தெரியாது. தொடையில் நீலம் பாரித்திருக்கும்.

யானைக்காலோ என்ற பயத்தில்தான் ரத்தநாள மருத்துவரிடம் போனார். கொலுசு போடும் இடத்தில் கொழுப்பு வளையம் போல நின்றிருந்தது. அதற்குக் கீழே பாதம் ஒல்லி. மருத்துவர் கால் கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் அடித்தோலைக் கிள்ளினார், மடிப்பாக எழும்பியது. யானைக்கால் போன்ற நிணநீர் வீக்கத்தில் பெரும்பாலும் அப்படி எழும்பாது, பாதமும் சேர்ந்து வீங்கும். "இது லிப்பெடிமா" என்றார்.

1940-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஆலனும் ஹைன்ஸும் விவரித்த நோய் இது. கிட்டத்தட்ட பெண்களுக்கு மட்டுமே வரும். பூப்பு, கர்ப்பம், மாதவிடாய் நிற்கும் காலம் என ஹார்மோன் மாறும்போது தலைகாட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி இடம் கிடைத்ததே 11-வது பதிப்பில்தான். அதுவரை 'குண்டு' என்ற ஒரே சொல்லில் எத்தனை பேரை அடக்கினோமோ!

முழுதாகக் குணமாக்க மருந்து இல்லை. அழுத்தக் காலுறை, தண்ணீரில் நடைப்பயிற்சி, சிலருக்குக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை சிகிச்சை ஆகியவை வலியைக் குறைக்கலாம். மதுரை வெயிலில் அந்தக் காலுறையோடு நாளைக் கழிப்பது லேசான காரியமில்லை. உணவுக் கட்டுப்பாடும் வேண்டும். உடல் எடை ஏறினால் மூட்டு தாங்காது. ஆனால், இந்தக் கொழுப்பு பட்டினிக்கு அவ்வளவாக மசியாது.

குடும்ப வழியாகவும் வரக்கூடியது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அன்றிரவு அம்மாவுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னார். 'பெரிய காலு நம்ம வீட்டு வாகு' என்று சொல்லியே வளர்த்த அம்மா, கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தொட்டா வலிக்கிறதும் அதனாலதானா? எனக்கும் வலிக்கும்டி. எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."