ஏழடி இரண்டங்குலம்

மதுராந்தகத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவன் பத்தாம் வகுப்பிலேயே ஆறடி தாண்டிவிட்டான். கூடைப்பந்து ஆடுகிறான். "உயரம் இருக்கு சார், மீதி தானா வரும்" என்கிறார் அவன் அப்பா.

எனக்குச் சத்னாம் சிங் ஞாபகம் வந்தது. பஞ்சாப் கிராமத்துப் பிள்ளை, ஏழடி இரண்டங்குலம். 14 வயதில் அமெரிக்காவுக்குப் பயிற்சிக்குப் போனார். 2015இல் டல்லாஸ் மேவரிக்ஸ் அவரை 52ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. வயது 19தான், இன்னும் தேறுவார் என்று நம்பினோம். அந்தச் சமயம் பார்த்து ஆட்டமே மாறிவிட்டது. நெட்டையர்களும் ஓட வேண்டும், தூரத்திலிருந்து எறிய வேண்டும். அவ்வளவு பெரிய உடம்பை அந்த வேகத்துக்குப் பழக்குவது லேசா? என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல், பிற்பாடு மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

சொன்னதும் அப்பா முகம் சுருங்கிவிட்டது. பையன் மட்டும், "காலுக்கு என்ன பயிற்சி தாத்தா?" என்றான். எனக்குத் தெரிந்தது ஸ்கிப்பிங் கயிறு ஒன்றுதான். மறுநாளே வாங்கிக் கொடுத்தேன்.