ஏழு சீட்டா, அஞ்சு சீட்டா?

இந்த வாரம் மஞ்சளும் இல்லீங்க, மாடும் இல்லீங்க. கார் பத்திதான். ரெண்டு மாசமா எங்க வீட்ல சாப்பாட்டு நேரத்துப் பேச்சே இதுதான். கோபி பக்கத்துல எங்க ஊர்ல யார் புதுசா வண்டி எடுத்தாலும் முதல் கேள்வி "எத்தன சீட்டுங்க?" மைலேஜ் எல்லாம் அப்புறம்தான்.

எங்க பட்டியல்ல கடைசியா நின்னது ரெண்டு. அப்பாவோட கட்சி மஹிந்திரா பொலிரோ நியோ. வீட்டுக்காரம்மா கட்சி டாடா நெக்ஸான். ரெண்டோட நீளமும் ஒண்ணேதான், 3995 மில்லிமீட்டர். இது தற்செயல் இல்லீங்க. நாலு மீட்டருக்குள்ள, பெட்ரோல்னா 1200 சிசி, டீசல்னா 1500 சிசிக்குள்ள இருந்தாத்தான் வரியில சின்ன கார் கணக்கு. 2025 செப்டம்பர் 22லிருந்து அதுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். (டிராக்டருக்கு 12லிருந்து 5 ஆனதும் அன்னைக்குத்தான்.) அதனால ரெண்டு கம்பெனியும் நாலு மீட்டருக்கு அஞ்சு மில்லிமீட்டர் முன்னாலயே நிறுத்திட்டாங்க.

அதே நீளத்துல ஒண்ணு ஏழு பேருக்கு, இன்னொண்ணு அஞ்சு பேருக்குன்னா, அந்த ரெண்டு சீட்டு எங்கிருந்து வந்துச்சு? பை வைக்கற இடத்துல இருந்து. பொலிரோ நியோவுல பின்னாடி ரெண்டு பேர் பக்கவாட்டுல எதிரெதிரா உட்காரணும். அங்க யார் உட்காருவாங்க? அப்பா மாட்டாரு, முட்டி வலியோட அம்மாவும் ஏற முடியாது. எப்பவுமே குழந்தைங்கதான்.

அப்பா சொல்றதுலயும் நியாயம் இருக்கு. பொலிரோ நியோவுக்கு லாரி மாதிரி தனி சேசிஸ், பின் சக்கர இழுவை. மழை பேஞ்ச அன்னைக்கு வாய்க்கா மேட்டுச் சகதியில, பின்னாடி ஆள் பாரத்தோட பின் சக்கரம் தள்ளுனா ஏறிடும். முன் சக்கரம் இழுக்கற நெக்ஸான் அதே மேட்டுல வழுக்கத்தான் செய்யும். ஆனா அந்த மேட்டுக்கு எங்ககிட்ட டிராக்டர் இருக்கு. மூட்டைக்கும் அதுதான்.

டீசலா பெட்ரோலாங்கறதும் ஒரு கேள்வியா இருந்துச்சு. பொலிரோ நியோ டீசல் மட்டும்தான். இப்ப வர்ற டீசல் வண்டிகள்ல புகைக்கரியப் பிடிச்சு வைக்கற ஃபில்டர் இருக்கு. அப்பப்ப நீண்ட தூரம் சூடா ஓடுனாத்தான் அந்தக் கரி எரிஞ்சு சுத்தமாகும். பள்ளிக்கூடம், பால் சொசைட்டி, சந்தைன்னு தினமும் ரெண்டு மூணு கிலோமீட்டர் ஓட்டுனா அடைச்சுக்கும். எங்களுக்குப் பெட்ரோலே போதும்.

வீட்டுக்காரம்மா எடுத்து வெச்சது மோதல் சோதனை. குளோபல் என்கேப் சோதனையில நெக்ஸான் 2018லயே அஞ்சு நட்சத்திரம் வாங்கிருச்சு. இந்தியக் கார்கள்ல அதுதான் முதல். புது நெக்ஸானும் 2024ல அஞ்சு வாங்குச்சு. அதே வருசம் பொலிரோ நியோ பெரியவங்களுக்கு ஒண்ணு, குழந்தைங்களுக்கு ஒண்ணு. "இரும்பு கனமா இருந்தா போதாதா?"ன்னு அப்பா கேட்டாரு. போதாதுங்க. முன்பக்கம் நசுங்கி அடிய வாங்கிக்கணும், ஆள் உட்கார்ற கூடு நசுங்கக் கூடாது. வைக்கப்போர் மேல விழறதுக்கும் களத்துக் கல்லு மேல விழறதுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

சிக்கல் என்னன்னா, நாங்க வீட்ல ஆறு பேர். அஞ்சு சீட்டு பத்தாது.

போன வருசக் காலண்டர எடுத்து உட்கார்ந்தேன். ஆறு பேரும் ஒண்ணாப் போனது மூணே நாள். பண்ணாரி குண்டம், ஒரு கல்யாணம், ஒரு துக்கம். மூணு நாளும் சாயங்காலக் கறவைக்குள்ள திரும்பிட்டோம். கறவை மாடு இருக்கற வீட்ல எல்லாரும் ஒண்ணாக் கிளம்பவே முடியாதுங்க, ஒருத்தர் இருந்தே ஆகணும். ஆனா சத்தி, புளியம்பட்டி, அன்னூர் வழியா கோயமுத்தூருக்குக் குழந்தைங்களோட போனது இருபத்தி மூணு தடவை. எதிர்ல வர்ற லாரி எப்ப ஏறி வரும்னு சொல்ல முடியாத ரோடு அது.

கணக்கு முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அப்பா மெதுவாச் சொன்னாரு: "அப்ப நான்தான் எப்பவும் மாட்டுக்குக் காவல்னு காரு வாங்கி எழுதிக் குடுக்கற, அப்படித்தான கண்ணு?"

யாரும் பேசல. இருபத்தி மூணு தடவையும் வீட்ல நின்னது அவருதான். "நான் பாத்துக்கறேன், போய்ட்டு வாங்க"ன்னு அவரே சொல்லிருவாரு. ஆனா சீட்டே இல்லாமப் போறதும், இருந்தும் போகாம இருக்கறதும் ஒண்ணில்லையே. அவர் கேட்டது சீட்ட இல்லீங்க, வீட்ல தன்னோட இடத்த.

கடைசியில பேசி முடிச்சது இதுதான். நெக்ஸான் பெட்ரோல். அந்த மூணு நாளைக்கு இன்னோவா வாடகைக்கு எடுத்துக்கறது. மாசம் ஒரு தடவையாவது கோயமுத்தூருக்கு அப்பா முன் சீட்டுல போவாரு. வீட்டுக்காரம்மா ஓட்டுவாங்க. அன்னைக்கு மாட்டுக்கு நான்.

அப்பா சரின்னு இன்னும் வாய் திறந்து சொல்லல. "முன் சீட்டு பின்னாடி சாயுமா?"ன்னு மட்டும் கேட்டாரு. சாயும்னு சொல்லியிருக்கேன்.

நகரத்துல இருக்கற நீங்களும் "ஊர்ல இருந்து சொந்தக்காரங்க வந்தா?"ன்னு ஏழு சீட்டு தேடுவீங்க. சீட்ட எண்றதுக்கு முன்னாடி நாள எண்ணுங்க. அப்புறம் கடைசி சீட்டுல யாரு, வீட்ல நிக்கறது யாருன்னு பேரச் சொல்லிப் பாருங்க.