அப்பாவின் சாகா

அப்பா 1987இல் வாங்கிய புரோட்டோன் சாகா அது. அவர் இறந்த பிறகு ஓராண்டுக்கும் மேலாக வீட்டு முன்னால் நிறுத்தியே வைத்திருந்தேன். ஓட்ட மனம் வரவில்லை. வாரந்தோறும் கழுவித் துடைத்து மூடி வைப்பேன். டாங்கியில் கால்வாசி பெட்ரோல்தான் கிடந்தது. அதை நினைத்துப் பார்க்கவே இல்லை.

ஒருநாள் அம்மா, "பெந்தோங் போய் உங்க அத்தையைப் பார்த்துட்டு வருவோமாய்யா, அப்பா காடியிலேயே" என்றார். புதிய பேட்டரி போட்டு, பெட்ரோல் ஊற்றிக் கிளம்பினோம். சமதரையில் நன்றாகவே ஓடியது. கோம்பாக் டோல் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் திணறியது. பின்னால் லாரி ஹாரன் அடிக்க, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எப்படியோ ஓரங்கட்டினேன், எஞ்சின் அணைந்தது.

பட்டறைக்கார அண்ணன் பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் கவிழ்த்தார். தேத்தண்ணி நிறத்தில் துரு! "டாங்கி உள்ளே துருப்பிடிச்சிருக்கு தம்பி. ஏற்றத்துல எஞ்சின் நிறைய எண்ணெய் கேட்கும். அடைச்ச ஃபில்டர் எப்படிக் கொடுக்கும்?" என்றார்.

சாமான் கடையில் கேட்ட முதல் கேள்வி, "கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா?" கார்புரேட்டர் காரில் பெட்ரோல் அழுத்தம் குறைவு, பிளாஸ்டிக் ஃபில்டர் தாங்கும். இன்ஜெக்‌ஷனில் அழுத்தம் பல மடங்கு. அங்கே இதை மாட்டினால் பெட்ரோல் பீறிட்டுத் தீப்பிடிக்கலாம். ரப்பர் குழாயின் அளவும் பொருந்த வேண்டும்.

அண்ணன் என்னையே மாட்டச் சொன்னார். எஞ்சின் ஆறிய பிறகு பேட்டரி வயரைக் கழற்றினேன். ஃபில்டரிலுள்ள அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். வெடிப்பு விட்ட குழாயை மாற்றி, இரு முனையிலும் புதுக் கிளிப் போட்டு, எஞ்சினை முடுக்கிக் கசிவு பார்த்தோம்.

இரண்டே வாரத்தில் புது ஃபில்டரும் பழுப்பானது. டாங்கியை இறக்கிச் சுத்தம் செய்து, இன்னொரு ஃபில்டர் மாட்டிய பிறகே நிம்மதி. முதலிலேயே அதைச் செய்திருக்க வேண்டும்.

பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்து, அப்பாவின் காரை நானே துருப்பிடிக்க விட்டிருக்கிறேன். இப்போது சனிக்கிழமைதோறும் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய் வருகிறேன். டாங்கியைப் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. போன மாதம் அந்த ஏற்றத்தையும் தாண்டி, அத்தை வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.