எந்தக் கை, எந்த மலை?

தோட்டத்துல எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு. எத்தனை கிலோ கொழுந்து, முழுப்பேரா அரைப்பேரா, எல்லாம் செக்ரோல்ல ஏறும். ஆனால் மழையில் மலையில் சறுக்கி விழுந்த என் சித்தியின் கை எப்படி உடைந்தது என்பதற்கு, ஆஸ்பத்திரி கார்டில் இருந்தது ஒரே ஒரு சொல்: 'விழுந்தார்'.

வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கிறது நான் என்பதால் கார்ட் என் கைக்கு வந்தது. மணிக்கட்டு முறிவு, ஒப்பரேஷன் செய்யப்பட்டது, அவ்வளவுதான். ப்ளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து நல்லாத்தான் செஞ்சிருந்தாங்க, அதுல ஒரு குறையும் இல்ல. எந்தக் கை, எந்த எலும்பு, என்ன ப்ளேட் என்று மட்டும் எழுதவில்லை. நாளைக்கு அந்த ப்ளேட்டைக் கழற்ற வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த டொக்டர் எதை வைத்துத் தெரிந்துகொள்வார்?

அதுக்கப்புறம்தான் இந்தக் குறியீடுகளைத் தேடி வாசிச்சேன். வார்டில் தங்கிப் போகிறவர்களின் நோய் விவரம், உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-10 பட்டியல்படி இலக்கமாக மாறி சுகாதார அமைச்சின் புள்ளிவிவரத்துக்குப் போகிறது. பெருவிரல் பக்கம் இருக்கிற ஆரை என்பு மணிக்கட்டுக்கிட்ட உடைந்தால் எஸ்52.5. தோல் கிழிந்த முறிவா, மூடிய முறிவா என்பதற்கு இன்னொரு இலக்கம். இடது, வலதுக்கு இதில் இடமில்லை. அமெரிக்கா தனக்காக நீட்டி வைத்திருக்கிற பதிப்பில்தான் அது உண்டு. அப்போ நமக்கு டொக்டர் கையால எழுதுறதுதான் ஒரே சாட்சி.

என்னை உட்கார வைத்தது அடுத்த பகுதி. எப்படி அடிபட்டது என்பதற்கும் குறியீடு இருக்கிறது. சறுக்கி விழுந்தால் டபிள்யூ01. விழுந்த இடத்துக்கு ஒரு இலக்கம்: வீடு என்றால் 0, பயிர் நிலம் என்றால் 7. அந்நேரம் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதற்கு இன்னொன்று: சம்பளத்துக்கு வேலை என்றால் 2. வெறும் 'விழுந்தார்' என்றால் டபிள்யூ19, விவரமில்லாத விழுகை. எங்கயோ எவரோ டைப் பண்ணின பட்டியல்ல தேயிலை மலைக்கும் கூலி வேலைக்கும் இடம் இருக்கு. நிரப்பத்தான் ஆளில்லை.

சித்தியிடம் வார்டில் சிங்களத்தில் கேட்டிருக்கிறார்கள். தெரிந்த சிங்களத்தில் 'வெட்டுணா' என்றிருக்கிறார், விழுந்துட்டேன் என்று. அதோட கேள்வி முடிஞ்சு போச்சு.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் கேட்பது இதைத்தான்: காயம் வேலையால், வேலை நேரத்தில் வந்ததா? நிரந்தரமாக எவ்வளவு உழைப்புச் சக்தி போனது? டொக்டர் எழுதாததை வக்கீல் வாயால் நிரூபிப்பது லேசான காரியம் இல்லை.

மூணாவது கிளினிக்குக்கு நானும் போனேன். டொக்டர் இளைஞர், பொறுமையாகக் கேட்டார். கிளினிக் கொப்பியில் வலது மணிக்கட்டு, தேயிலை மலை, கொழுந்து பறிக்கும் வேலையின்போது என்று எழுதி, திகதி போட்டு, கையெழுத்தும் வைத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சித்தி கேட்டாங்க, "பெருவிரலும் சுட்டுவிரலும் இன்னும் இறுக்கமா சேர மாட்டேங்குதே, அத எழுதினாரா?" கொழுந்து கிள்ளுகிற விரல்கள் அவை. எழுதவில்லை. அடுத்த கிளினிக் தை மாசம்.