மண் குடிக்காத மழை

ஜாதவ்பூர் 8பி பஸ் நிலையத்தில் இறங்குபவர்களில் பலர் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள். அதே ராஜா எஸ்.சி. மல்லிக் சாலையில் 1950இல் தொடங்கப்பட்ட மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் நீர்வளப் பொறியியலுக்குத் தனித் துறை உண்டு. ஆராய்ச்சி நிலையத்தில் களிமண்ணின் குணங்களைச் சோதிக்கிறார்கள். ஆனால் களிமண்ணும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள இரண்டு வாசல்களையும் மிதிக்க வேண்டியதில்லை. ஒரு நல்ல மழை பெய்தால் முழங்கால் தண்ணீரில் நிற்கும் தெருவே சொல்லிவிடும்.

கொல்கத்தாவின் அடியில் கிடப்பது தடித்த களிமண் படுகை. மழையை அது லேசில் குடிப்பதில்லை. மேற்கே ஹூக்ளிக் கரை மேடு. அங்கிருந்து கிழக்கே போகப்போக நிலம் தாழ்கிறது. அதனால் பக்கத்திலேயே ஆறு ஓடியும், இங்கே பெய்யும் மழையில் பெரும்பங்கு ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்த்திசையில் போகிறது.

சுரங்கம் தோண்டுபவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது. களிமண் சுரங்கமானாலும் நிலக்கரிச் சுரங்கமானாலும் விதி ஒன்றுதான். வெளியே பெய்யும் மழை குழிக்குள் இறங்காதபடி மேட்டுப் பக்கத்தில் வாய்க்கால் வெட்ட வேண்டும். தண்ணீர் கரையை அரிக்காமலும், தேங்கி வண்டலை இறக்காமலும் ஓடும்படி சரிவை அளக்க வேண்டும். குழிக்குள்ளேயே விழும் மழையைப் பம்ப் வைத்து இறைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுற்றி அனுப்பும் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். நெய்வேலி இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்குச் சுமார் 12 கி.மீ. மாற்றுப் பாதை அமைத்தபோது, 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களுக்குள் இயந்திரங்கள் இறங்கின. மாற்றுக் கால்வாய் யாரோ ஒருவர் நிலத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும் என்பதைத் தமிழ்நாடு அன்று பார்த்தது.

ஜாதவ்பூரில் சுரங்கம் கிடையாது. ஆனால் பொறியாளரின் கண்ணுக்கு இந்த வட்டாரமும் ஒரு குழிதான். குழிக்குள் பல தலைமுறைகளாக மக்கள் குடியிருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

இரண்டு கால்வாய்கள்

இங்கே தண்ணீருக்கு வழி வெட்டிய கதை பழையது. கங்கையின் பழைய தடமான ஆதி கங்கையை 1775-77இல் தூர்வாரி வித்யாதரி ஆற்றோடு இணைத்தார் ஆங்கிலேயப் படை அதிகாரி வில்லியம் டோலி. படகுகளிடம் சுங்கம் வசூலிப்பது அவர் நோக்கம். டோலிகஞ்ச் என்ற பெயர் அவர் விட்டுப்போனது. இன்று அந்த டோலி நாலாவில் படகு இல்லை. 2009இல் டோலிகஞ்சிலிருந்து கடியா பஜார் வரை மெட்ரோ ரயில் நீண்டபோது, அதைத் தாங்கும் தூண்களை நாலாவுக்குள்ளேயே நட்டார்கள்.

நகரத்தின் தண்ணீரை வாங்கிக்கொண்டிருந்த வித்யாதரியும் வண்டல் மேவித் தூர்ந்தது. 1928இல் அது செத்த ஆறு என்று அறிவிக்கப்பட்டது. பொறியாளர் பி.என். தே கிழக்கே வெகுதூரத்தில் ஓடும் குல்டி ஆற்றைத் தேர்ந்தெடுத்தார். கழிவுநீருக்கு ஒன்று, மழைநீருக்கு ஒன்று என்று தனித்தனிக் கால்வாய்கள் வெட்டப்பட்டு 1943இல் திட்டம் முடிந்தது. கழிவுநீர் போகும் வழியில் மீன் பண்ணைகளை வளர்த்தது. 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலம் 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஜாதவ்பூரில் பெய்யும் மழையில் ஒரு பகுதி இன்றும் கிழக்கே சௌபாகா இறைப்பு நிலையத்துக்கு ஓடி, அங்கே பம்புகளால் மேலேற்றப்பட்டுத்தான் வெளியேறுகிறது.

குழியே குளம்

1947க்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் இந்தத் தாழ்நிலத்தில் குடியேறினார்கள். போர்க்கால ராணுவ முகாம் கைவிடப்பட்ட இடத்தில் பிஜய்கட் காலனி எழுந்தது. வங்காளத்துக் கிராமத்தில் வீடு கட்டும் முறை எளிது: பக்கத்தில் குழி தோண்டி, அந்த மண்ணைப் போட்டு மனையை உயர்த்துவார்கள். வீடு மேடேறும், குழி குளமாகும். களிமண் ஆதலால் குளம் ஒழுகாது. குளிக்கவும் மீன் வளர்க்கவும் பயன்பட்ட இந்தப் புகுர்கள் இன்னொரு வேலையையும் சத்தமில்லாமல் செய்தன. கால்வாய் நிரம்பி வழியும் சில மணி நேரம் மழையை வாங்கி வைத்துக்கொண்டன.

மனை விலை ஏறியதும் குளங்கள் சுருங்கின. ஐந்து கட்டாவும் அதற்கு மேலும் உள்ள நீர்நிலைகளைத் தூர்க்கக் கூடாது என்று மேற்கு வங்க அரசு 1993இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஆனாலும் ஜாதவ்பூரை ஒட்டிய பிக்ரம்கட் ஜீலைச் சுற்றி எழுந்திருக்கும் கட்டிடங்களைப் பார்ப்பவர்களுக்குச் சட்டம் எவ்வளவு தூரம் எட்டியது என்பது புரியும்.

2025 செப்டம்பர் 22 இரவு, துர்கா பூஜைக்குச் சில நாட்களே இருந்தபோது, மழை கொட்டியது. சில மணி நேரத்தில் கடியா காம்டஹரியில் 332 மி.மீ., ஜோத்பூர் பார்க்கில் 285 மி.மீ. பதிவானது. இரண்டுமே ஜாதவ்பூரின் அண்டை இடங்கள். நகரிலும் சுற்றுப்புறத்திலும் குறைந்தது பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது தேங்கிய நீரில் பாய்ந்த மின்சாரம்.

அவ்வளவு மழையை எந்தக் கால்வாயும் உடனே கொண்டுபோய்விடாது. ஹூக்ளியில் ஏற்றம் இருக்கும் நேரம் மதகுகளையும் மூடியாக வேண்டும். அதுவரை தண்ணீர் காத்திருக்க ஓர் இடம் தேவை. குளம் இல்லாவிட்டால் அந்த இடம் வீட்டின் தரைத்தளம்தான். டோலிக்கும் தேவுக்கும் கால்வாய் வெட்ட நிலம் இருந்தது. இன்றைய ஜாதவ்பூரில் அகலமாக ஒன்று வெட்டுவதென்றால் குடியிருப்புகளை இடிக்க வேண்டும். அகதிகள் மண்வெட்டியால் தோண்டிய குழிகளில் மிஞ்சியவற்றைக் காப்பாற்றுவது அதைவிட மலிவு.