கிந்தா மண்ணுக்குக் கீழே

2025 ஜூன் 17, செவ்வாய்

சிம்மோர் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்தில் மண் சோதனை தொடங்கியாயிற்று. முதல் துளையில் 7 மீட்டரிலேயே சுண்ணாம்புப் பாறை தட்டியது. ஐந்து மீட்டர் தள்ளிப் போட்டதில் 22 மீட்டர் இறங்கியும் களிமண்தான். கிந்தாப் பள்ளத்தாக்கு இப்படித்தான். மேலே சமதரை, அடியில் பாறை ஊசிமுனையும் பள்ளமுமாக நிற்கும், நடுநடுவே பொந்துகள். 63.5 கிலோ சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு அடிகளை எண்ணுகிறோம். சில ஆழத்தில் எண்ணவே வேலையில்லை, கம்பி தானாக இறங்குகிறது.

வீடு கட்டப்போகும் தவுக்கே (முதலாளி), "மரம் நின்ன நிலம்தானே, வீடு நிக்காதா?" என்கிறார்.

ஜூன் 18, புதன்

அந்தத் தோட்டத்தில்தான் அம்மா பால் வெட்டினார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வரைபடத்தை விரித்தேன். லயம், ஸ்டோர், கோயில் மூன்றையும் காட்டியதும் அவர் விரல் மற்றதைத் தானே தேடிக்கொண்டது.

"இந்த மேட்டுக்குக் கீழ மழத்தண்ணி நிக்கவே நிக்காதும்மா. சர்ருன்னு உள்ள போயிரும். ஒரு தடவ மாடு கால விட்டுக்கிச்சு."

தண்ணீர் அப்படிக் காணாமல் போனால் அடியில் அதற்கு வழி இருக்கிறது. ஆறாம் துளையை அங்கே மாற்றச் சொல்லிவிட்டேன். அறிக்கையில் தகவல் தந்தவர் என்ற இடத்தில் 'முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி' என்று எழுதினேன்.

ஜூன் 20, வெள்ளி

ஆறாம் துளை. 11 மீட்டரில் பாறை. 13-இல் துளையிடும் அண்ணன் கத்தினார்: "தண்ணி திரும்பி வரலம்மா!" இரண்டு மீட்டருக்கு மேல் வெறும் பொந்து. பாறை தட்டியதும் நிறுத்தாமல் நல்ல பாறைக்குள் இன்னும் 10 மீட்டர் போகச் சொல்வது இதற்காகத்தான்.

பொந்து என்றதும் காஷ்மீரின் செனாப் ரயில் பாலம் நினைவுக்கு வந்தது. இம்மாதம் 6ஆம் தேதிதான் அதைத் திறந்தார்கள். ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரம். அதன் பாறைச் சரிவுகளுக்குப் பதினேழு ஆண்டுகள் ஆலோசகராக இருந்தவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் ஜி. மாதவி லதா. முதல் ஆய்வில் தெரியாத உடைசலும் பொந்தும் தோண்டத் தோண்ட வெளிப்பட, வடிவமைப்பையும் கூடவே மாற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். பாலத்துக்குப் பின்னால் நின்ற பெண் என்று பத்திரிகைகள் கொண்டாட, ஆயிரக்கணக்கானவர்களில் தானும் ஒருத்தி என்று சொல்லிவிட்டார். அந்தப் பாலத்தைவிட இந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

ஜூன் 21, சனி

23ஆம் தேதி அனைத்துலகப் பொறியியல் மகளிர் நாள். அன்று பேச அழைத்த தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை, "பிள்ளைங்களுக்கு நம்பிக்கை வர்ற மாதிரி பேசுங்கம்மா" என்றார். நம்பிக்கைப் பேச்சில் எனக்கு நம்பிக்கையில்லை. இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் லலிதா கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்துறையிலும், திரேசியாவும் லீலாம்மாவும் கட்டுமானத் துறையிலும் பட்டம் பெற்றது 1940களில். திரேசியா 1971-இல் கேரளத்தின் தலைமைப் பொறியாளரானார். கதவு திறந்து எண்பது வருஷமாகிறது. இங்கே மலேசியாவில் தொழில்முறைப் பொறியாளராகப் பதிவுபெற, பட்டத்துக்குப் பிறகு குறைந்தது மூன்றாண்டுப் பணி அனுபவம் வேண்டும். என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண்கள் கழன்றுகொண்டது அந்த இடைவெளியில்தான். கணக்கு வராமல் இல்லை. தளத்தில் கழிப்பறை இல்லை. தொடக்கத்தில் ஒரு தளத்தில் நானும் மத்தியானம் வரை தண்ணீர் குடிக்காமல்தான் நின்றேன்.

ஜூன் 23, திங்கள்

பேச்சை விட்டுவிட்டு, ஆறாம் துளையின் கற்கள் இருந்த பெட்டியை வகுப்புக்குத் தூக்கிப்போனேன். "கல்லுமலை தெரியுமா?" அந்தக் குன்றுக் கோயிலுக்குத் தைப்பூசத்தன்று போகாத பிள்ளை யார்? எல்லாக் கையும் உயர்ந்தது. 1973-இல் அந்தக் குன்றின் பாறை பெயர்ந்து விழுந்து சுமார் நாற்பது பேர் செத்தது ஆசிரியைகளிலேயே சிலருக்குத்தான் தெரியும். பெட்டியிலிருந்த அதே வகைக் கல்லில் புளிக்காடி விட்டதும் நுரைத்தது. மழைநீரிலும் மெல்லிய அமிலம் உண்டு, லட்சக்கணக்கான வருஷமாக அது கல்லைத் தின்கிறது என்றேன்.

ஐந்தாம் ஆண்டுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "நம்ம ஸ்கூலுக்குக் கீழயும் ஓட்டை இருக்குமா டீச்சர்?"

துளை போட்டால்தான் சொல்ல முடியும் என்றேன். தலைமையாசிரியைக்கு முகம் சுருங்கியது.

ஜூன் 24, செவ்வாய்

அளவுப் பட்டியலில் 'பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, தண்ணீர் வசதியுடன்' என்று ஒரு வரி சேர்த்தேன். மதிப்பீட்டாளர் உடனே கூப்பிட்டார்.

"சைட்ல பொம்பளைங்களே இல்லையே மேடம்?"

"நான் யாரு சார்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, உங்கு ஒமார் பாலிடெக்னிக்கிலிருந்து இரண்டு பெண்கள் பயிற்சிக்கு வருகிறார்கள் என்றும் சொன்னேன். வரியை எடுக்கச் சொல்லவில்லை. மாத வாடகையா, மொத்த விலையா என்று மட்டும் கேட்டார்.