கும்பம் போல ஒரு குறி

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவின் கிழக்கு வாசலைத் தாண்டியதும் மலைச்சாலை ஷொஷோனி ஆற்றோடு சேர்ந்துகொள்கிறது. ஏறத்தாழ 85 கிலோமீட்டர் போனால் கோடி நகரம். பஃபலோ பில் என்று உலகம் அறிந்த வில்லியம் கோடியின் பெயர் தாங்கிய ஊர். அங்குள்ள அருங்காட்சியகத்தில் துப்பாக்கிகளுக்கென்றே தனிக்கூடம் இருக்கிறது. அந்தச் சிறு குறியை அங்கேதான் பார்த்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால் வின்செஸ்டர் 1897. ஜான் பிரௌனிங் வடிவமைத்த ஷாட்கன். முன்பிடியை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். வாத்து வேட்டைக்காரர்கள் விரும்பி வாங்கிய ரகம். ஆனால் இங்கிருந்ததன் குழல் 20 அங்குலம்தான். குழல் சூடேறினால் கையைச் சுடாதிருக்க, மேலே சல்லடைபோல் துளையிட்ட தகடு. நுனியில் பயனெட் மாட்ட ஒரு பிடிப்பு. முதல் உலகப்போரில் பிரான்சின் பதுங்குகுழிகளுக்குப் போன வடிவம் இது. வீண் வேதனை தரும் ஆயுதம் என்று 1918 செப்டம்பரில் ஜெர்மனி எதிர்ப்புத் தெரிவித்தது. அமெரிக்க வெளியுறவுச் செயலர் ராபர்ட் லான்சிங் அதை ஏற்கவில்லை.

“தகட்டைப் பின்னாளில் யாரும் மாட்டிவிடலாம். எஃகைப் படியுங்கள்” என்றார் கூடத்து ஊழியர். உடலின் வலப்பக்கத்தில் ‘யூ.எஸ்.’ என்ற இரண்டெழுத்து. கூடவே, தீ எழும் ஓர் உருண்டைக் குண்டு. அமெரிக்கப் படைக்கலத் துறையின் சின்னம். எனக்கு அது மாவிலை விரித்த கும்பமாகவே தெரிந்தது.

குழலில் பின்னிக் கிடக்கும் ‘டபிள்யூ.பி.’யையும் பலர் இராணுவக் குறி என்று நம்பிவிடுகிறார்கள். அது வின்செஸ்டர் ஆலையின் சொந்த முத்திரை. வழக்கத்தைவிட வீரியமான தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கியது என்று இட்டது. இரண்டாம் உலகப்போர்க் கால வின்செஸ்டர் துப்பாக்கிகள் பலவற்றின் மரக்கட்டையில் ‘ஜி.ஹெச்.டி.’ இருக்கும். கை ஹெச். ட்ரூரி என்ற இராணுவ ஆய்வு அதிகாரியின் பெயரெழுத்துகள். விலை ஏறிவிட்டதால் இன்று கள்ளக் குறிகளும் உண்டு. அடித்து இறக்கிய எழுத்தின் ஓரத்தில் எஃகு சற்றே பிதுங்கியிருக்கும். சுரண்டிச் செதுக்கியதில் அந்தப் பிதுக்கம் வராது.

தங்க நகையில் ஹால்மார்க் தேடுவதுபோல ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் ‘இதற்கு நான் பொறுப்பு’ என்று யாரோ நிற்கிறார்கள். குழல் வெடிக்காது என்று ஆலை சொன்னது. சரிபார்த்தேன் என்று அதிகாரி சொன்னார். என் உடைமை என்று அரசு சொன்னது. அதைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கியவனுக்கும், அதன் எதிரே நின்றவனுக்கும் எஃகில் ஓர் எழுத்துகூட இல்லை.

மரக்கட்டையில் ஓரிடம் மட்டும் தேய்ந்து வழுவழுத்திருந்தது. கன்னம் பதியும் இடம். கிளம்பும் முன் அதைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.